தினம் சவரம் செய்தால் அரும்பு மீசை அடர்த்தி ஆகுமா?

காஞ்சீபுரம் அருகே ராஜகுளம். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க நிற்கும் வாலிபர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பலருக்குத் தாடி. மிச்சம் பேருக்குத் தாடி இல்லையே என்ற கவலை!

ஒரு காலத்தில் தாடி வைத்தால் "காதல் தோல்வியா?" என்று கேட்டார்கள். இப்போது தாடி இல்லாவிட்டால்தான் கேட்கிறார்கள். சினிமா கதாநாயகர்கள் எல்லோரும் தாடியோடு வருகிறார்கள். பெண் பார்க்க அனுப்பும் போட்டோவில் கன்னம் மொழுமொழு என்று இருந்தால், "பையனுக்கு வயசு என்ன, இன்னும் படிக்கிறானா?" என்று பெண் வீட்டார் கேட்டு விடுகிறார்கள். 24 வயதுக்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விளைவு? சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேள்வி கிளம்புகிறது.

"அண்ணே, ரெண்டு பக்கமும் திட்டுத்திட்டா கீது. கெட்டியா வர்றதுக்கு இன்னா பண்றது?"

"டெய்லி வழி தம்பி. பிளேடு படப்படத்தான் வேர் முறுக்கும். எங்கப்பாரு காலத்துலேர்ந்து இதான் வைத்தியம்."

தம்பியும் தினம் வழிக்கிறார். ஒரு மாதம். இரண்டு மாதம். பிளேடு தீருகிறது. தாடி வந்தபாடில்லை.

4 பேர் சவரம் செய்தார்கள்

பிளேடு பட்டால் முடி முறுக்கும் என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் இதே பேச்சுதான். அங்கே மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண் விஞ்ஞானி, "உண்மைதானா, பார்த்து விடுவோம்" என்று கிளம்பினார். செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் சர்வகலாசாலையில் உடற்கூறு ஆராய்ச்சி செய்தவர். 4 ஆண்களை ஒரே மாதிரி முறையில் முகச்சவரம் செய்ய வைத்தார். வெட்டி விழுந்த முடியைச் சேகரித்தார். பூதக் கண்ணாடியில் வைத்து அளந்தார்.

1928-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார். சவரம் செய்ததால் முடி தடிக்கவும் இல்லை, வேகமாக வளரவும் இல்லை!

(இதே அம்மையார்தான் 2-வது உலகப் போரில் இறந்த சிப்பாய்களின் எலும்பை அளந்து, ஆள் எவ்வளவு உயரம் இருந்திருப்பார் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். அளப்பதில் கெட்டிக்காரி.)

அதோடு விட்டார்களா? 1970-ல் மறுபடியும் அமெரிக்காவில் ஒரு சோதனை. இந்தத் தடவை முகம் இல்லை, கால். 5 வாலிபர்கள் வாரம் ஒரு தடவை ஒரு காலை மட்டும் மழித்தார்கள். இன்னொரு காலைத் தொடவில்லை. பல மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் இரண்டு கால் முடியையும் ஒப்பிட்டார்கள். அகலத்திலும் வித்தியாசம் இல்லை, வளர்ந்த வேகத்திலும் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் சொரசொரப்பு ஏன்?

"சும்மா சொல்லாதீங்க. வழிச்ச மறுநாள் தடவிப் பார்த்தா முள்ளு மாதிரி குத்துதே!" என்று கேட்கலாம். குத்துவது நிஜம்தான்.

பிளேடு படாத முடியின் நுனி தென்னை ஓலை ஈர்க்கு மாதிரி, போகப்போகக் கூராகச் சிறுத்து இருக்கும். மெத்தென்று வளையும். பிளேடு அதன் அடிப்பக்கத்தில், தடித்த இடத்தில், மட்டமாக வெட்டி விடுகிறது. அடுத்த நாள் தோலுக்கு வெளியே தலை நீட்டுவது அந்த மொட்டை முனை. கட்டையாக இருப்பதால் வளையாது, குத்தும். கறுப்பாகவும் தெரியும். முடி அதே முடிதான்.

தோலுக்கு மேலே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் உள்ள வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே பிளேடு வந்ததும் போனதும் அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பையன்கள் முதன்முதலாகப் பிளேடு பிடிப்பது 16, 17 வயதில். அந்த வயதில் வழித்தாலும் வழிக்காவிட்டாலும் முடி கூடிக்கொண்டேதான் வரும். பிளேடு பெயர் தட்டிக்கொண்டு போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!

தாடி வளர்ப்பது எது?

முகத்தில் எத்தனை மயிர்க்கால் என்பது பிறக்கும்போதே முடிவாகி விடுகிறது. பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. சின்னப் பையன் கன்னத்திலும் முடி இருக்கிறது. பூனை முடி. வயதுக்கு வந்த பிறகு விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பு ரத்தத்தில் ஓடுகிறது. மயிர்க்காலுக்குள் போய் அது இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாறுகிறது. டாக்டர்கள் அதை டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அது பட்ட பூனை முடி கறுத்துத் தடித்து மீசை ஆகிறது, தாடி ஆகிறது.

இதை உலகத்துக்குக் காட்டியது கரீபியன் கடலில் உள்ள டொமினிகன் குடியரசின் ஒரு கிராமம். அங்கே சில குழந்தைகள் பெண் என்றே வளர்க்கப்பட்டு, 12 வயது வாக்கில் குரல் உடைந்து ஆணாக மாறின! அமெரிக்க டாக்டர் ஜூலியான் இம்பராடோ மெக்கின்லி குழுவினர் போய் ஆராய்ந்து 1974-ல் காரணத்தைச் சொன்னார்கள். அவர்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது. அதை டி.எச்.டி.யாக மாற்றும் நொதிதான் குறைவு. வளர்ந்து பெரிய ஆளான பிறகும் அவர்களுக்குத் தாடி மட்டும் சொற்பம். ஆனால் தலை வழுக்கை விழவே இல்லை!

ஏன் என்றால், முகத்தில் முடி வளர்க்கும் அதே டி.எச்.டி.தான் தலையில் முடியைக் கொட்ட வைக்கிறது. அடர்ந்த தாடியும் பளபள மண்டையுமாகச் சிலர் திரிகிறார்களே, ரகசியம் இதுதான். ஒரே சுரப்பு. மேலே எடுக்கிறது, கீழே கொடுக்கிறது.

இங்கே ஒரு முக்கிய சமாசாரம். மெல்லிய தாடி உள்ள வாலிபர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஆண் சுரப்பு சரியான அளவில்தான் இருக்கிறது. அந்தச் சுரப்புக்கு மயிர்க்கால் எவ்வளவு மசிகிறது என்பதில்தான் வித்தியாசம். அது பரம்பரையாக வருவது. அப்பா, சித்தப்பா, தாய்மாமன் முகத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்து விடும். ஜப்பான்காரர்களுக்கு வெள்ளைக்காரர்களை விடத் தாடி குறைவு. அதனால் அவர்கள் ஆண்மையில் குறைந்தவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. "மீசை இல்லாதவன் ஆம்பளையா?" என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் இடம் இல்லை.

வயதும் ஒரு கணக்கு. முதலில் மேல் உதட்டின் இரண்டு ஓரம். பிறகு நடுவில். பிறகு காதோரம், கன்னம், மோவாய். 20 வயதோடு இது நின்று விடுவதில்லை. 25 வரை, சிலருக்கு 30 தாண்டியும் கூட நிரம்பிக்கொண்டே வரும். 19 வயதில் கண்ணாடியைப் பார்த்து அழுதவர், 28 வயதில் தினம் சவரம் செய்ய அலுத்துக்கொள்வது சகஜம்.

தீவில் ஒரு ஆசாமி

1970-ல் லண்டன் நகரில் வெளியாகும் புகழ்பெற்ற 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு வேடிக்கையான கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. பெயர் போடாததற்குக் காரணம் படித்தால் புரியும். அவர் வேலை நிமித்தமாக ஒரு தீவில் வாரக்கணக்கில் தனியாக இருந்தார். தினம் சவரம் செய்து, ஷேவிங் மெஷினில் சேர்ந்த முடித்தூளை எடை போட்டு எழுதி வைத்தார். ஊருக்குப் போய்க் காதலியைச் சந்திக்கும் நாள் நெருங்க நெருங்கத் தாடியின் எடை கூடியதாம்! நினைப்பே சுரப்பைத் தூண்டுகிறது என்பது அவர் கட்சி. ஒரே ஒரு ஆள் தன் முகத்தைத் தானே எடை போட்ட கணக்கு இது. சிரிக்கலாம்; நம்பி இறங்க முடியாது.

கரடி முடி, சின்ன வெங்காயம்

கரடி நெய் தடவினால் கருகருவென்று மீசை வரும் என்று சந்தையில் விற்பவர்கள் உண்டு. கரடிக்கு உடம்பெல்லாம் முடி இருப்பதால் வந்த யோசனை போலிருக்கிறது! நிஜக் கரடி நெய்யாக இருந்தால் அது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போலியாக இருந்தால் காசு போச்சு. இரண்டில் எதுவானாலும் மீசை வரப்போவதில்லை.

தாடி எண்ணெய் என்று அழகான சீசாவில் வருவதும், வீட்டு விளக்கெண்ணெயும் ஒன்றுதான். உள்ள முடி பளபளக்கும். மெத்தென்று ஆகும். பளபளப்பில் கொஞ்சம் கூட இருப்பது போலத் தெரியும். அவ்வளவே.

பயோட்டின் மாத்திரை? உடம்பில் அந்தச் சத்து குறைந்தவர்களுக்குத்தான் வேலை செய்யும். ஜிம்முக்குப் போகும் சிலர் தாடிக்கு என்று பச்சை முட்டை குடிக்கிறார்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது.

சின்ன வெங்காயத்துக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை உண்டு. மீசையிலோ தாடியிலோ காசு அளவுக்கு வட்டமாகத் திடீரென்று முடி கொட்டி வழுவழு என்று ஆவதைப் புழுவெட்டு என்கிறோம். புழு ஒன்றும் வெட்டுவதில்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே குழம்பிப் போய் மயிர்க்காலைத் தாக்குகிறது. இதற்கு வெங்காயத்தை அறுத்துத் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் வெகு காலமாக இருக்கிறது. ஈராக்கில் பாக்தாத் டாக்டர்கள் இதைச் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு 6 வாரத்தில் முடி திரும்பியது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்குத்தான். சின்ன சோதனைதான். புழுவெட்டு தானாகவே ஆறுவதும் உண்டு. ஆனால் இது கொட்டிய முடி திரும்புகிற கதை. பிறவியிலேயே மெல்லிய தாடிக்கு வெங்காயம் தேய்த்தால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்; வேறு பலன் இல்லை.

ரத்தக் கொதிப்பு மருந்து செய்த வேலை

நிஜமாகவே ஏதாவது செய்கிற மருந்து ஒன்று உண்டு. மினாக்சிடில்.

இது முதலில் ரத்தக் கொதிப்புக்கு வந்த மாத்திரை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, முகத்திலும் கையிலும் முடி முளைத்தது. பெண்களுக்கும் முளைத்தது! டாக்டர்களுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. மாத்திரையைத் தண்ணி மருந்தாக்கி மண்டையில் பூசினார்கள். 1988-ல் வழுக்கைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

தாடிக்கு? 2016-ல் தாய்லாந்து டாக்டர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 48 ஆண்கள். பாதிப் பேருக்கு 3 சதவீத மினாக்சிடில், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்த டாக்டருக்கும் தெரியாது. 16 வாரம் கழித்துப் பார்த்ததில் மருந்து பூசியவர்களுக்குத் தாடி கூடியிருந்தது.

ஆக, "முடியுமா?" என்றால், ஓரளவு முடியும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மடமடவென்று முகத்தில் ஊற்றுவதற்கு முன்னால் சில விஷயங்கள் தெரிய வேண்டும்.

இந்த மருந்துக்கு அனுமதி தலை வழுக்கைக்குத்தான், தாடிக்கு இல்லை. முகத்தோல் தலைத்தோலை விட மெல்லியது. எரிச்சல், அரிப்பு, தோல் உரிதல் வரலாம். இது அடிப்படையில் ரத்தக் குழாயை விரிக்கிற மருந்து. அளவு மீறினால் படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வரலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நிறுத்தினால் வந்த தாடி நிற்குமா என்பதை அந்த 16 வாரச் சோதனை சொல்லவில்லை. தலையில் பூசியவர்களுக்கு நிறுத்தியதும் பலன் போய் விடுகிறது.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. 2019-ல் ஸ்பெயின் நாட்டில் வயிற்று மருந்து என்று கொடுத்த சீசாவில் தவறுதலாக மினாக்சிடில் கலந்து விட்டது. 17 குழந்தைகளுக்கு நெற்றி, கன்னம், கை, கால் எல்லாம் முடி! மருந்தை நிறுத்திய பிறகு உதிர்ந்தது. பூனை வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். மருந்து பூசிய முகத்தைப் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஊசி முள் உருளையை முகத்தில் உருட்டும் பழக்கமும் பரவியிருக்கிறது. 2013-ல் பம்பாய் டாக்டர்கள் வெளியிட்ட சோதனையில், மினாக்சிடிலோடு ஊசி உருளையும் சேர்ந்தபோது தலையில் கூடுதல் பலன் தெரிந்தது. அது தலை, அதுவும் டாக்டர் கையால். அறைத் தோழர்கள் 4 பேர் ஒரே உருளையைப் பங்கு போட்டு உருட்டினால் வருவது தாடி அல்ல, மஞ்சள் காமாலைக் கிருமி.

ஊசி போட்டால்?

"ஆண் சுரப்புதானே காரணம், அதையே ஊசியாகப் போட்டால் என்ன?" என்று சிலருக்கு யோசனை. ஜிம் பக்கம் இது கிடைக்கவும் செய்கிறது.

இதில்தான் பெரிய விபரீதம். வெளியில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால், உடம்பு "போதும்" என்று சொந்த உற்பத்தியை நிறுத்தி விடும். விதை சுருங்கும். விந்து அணு குறையும்; சிலருக்கு அடியோடு நின்று போகும். கல்யாணத்துக்குத் தாடி வேண்டும் என்று ஊசி போட்டவர், கல்யாணம் ஆன பிறகு குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டி வரும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். இங்கே மீசை ஆசையில் கூழும் போச்சு!

ஊசி தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 18 வயது ஆகியும் குரல் உடையவில்லை, மறைவிடத்தில் முடி இல்லை, விதை சின்னதாகவே இருக்கிறது, மார்பு பெண் போல வளர்கிறது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போக வேண்டும். சிலருக்கு இதோடு மல்லிகைப் பூ வாசனை கூடத் தெரியாது. மூக்குக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உள்ள ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியவர்களில் சிலருக்கும் சுரப்பு குறையலாம். இவர்களுக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக் கொடுக்கிற மருந்து நல்ல பலன் தரும்.

புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்து, உடம்பில் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் அது வேறு விஷயம். தொழுநோயாக இருக்கலாம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். முழுக்கக் குணமாகி விடும்.

நாற்று நடுவது போல...

கடைசி வழி, பின் மண்டையில் இருந்து மயிர்க்காலைப் பிடுங்கிக் கன்னத்தில் நடுவது. நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிற வேலைதான். கைதேர்ந்த டாக்டர் செய்தால் இயற்கையாகவே இருக்கும். நட்ட முடி சில வாரத்தில் உதிர்ந்து, மாதக்கணக்கில் மெதுவாக மறுபடி முளைக்கும். செலவு லேசுப்பட்டது இல்லை.

ஆனால் இது ஆபரேஷன். சலூன் வேலை இல்லை. 2016 மே மாதம் சென்னையில் தலைக்கு முடி நடப் போன ஒரு மருத்துவ மாணவர், மயக்க மருந்து கொடுத்த பிறகு உடல்நிலை மோசமாகி இறந்து போனார். அந்த இடத்துக்கு ஆபரேஷன் செய்ய அனுமதியே இல்லை என்ற தகவல் வெளியாகிப் பரபரப்பு ஏற்பட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் விதிமுறை வெளியிட்டது. முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் முடி நட வேண்டும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக் கூடாது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை வந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளலாம்!

காசும் இல்லை, பயமும் இருக்கிறது என்பவர்களுக்குக் காஞ்சீபுரம் வட்டாரக் கூத்துக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். துரியோதனன் வேஷக்காரருக்கு மையால்தான் மீசை எழுதுவார்கள். விடிய விடிய ஆடினாலும் அந்த மீசைக்கு உள்ள கம்பீரம் குறைவதில்லை. பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே குடவோலைத் தேர்தலுக்கு நிற்பவரின் தகுதிகளை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நிலம் வேண்டும், வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். மீசையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

சவரம் செய்வதால் தாடி கூடாது என்பது போலவே, குறையவும் குறையாது. இஷ்டம் போல வழிக்கலாம். சலூனில் புது பிளேடு போடச் சொல்லி, கண் எதிரே உறை பிரிப்பதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

சந்தேகம் தீராதவர்கள் காஞ்சீபுரம் அரசு ஆஸ்பத்திரியிலோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவிலோ காட்டலாம். ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. போவதற்கு முன்னால் ஒரு வாரம் முகத்தில் பிளேடு வைக்காமல் போக வேண்டும். டாக்டருக்குப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?